இதே நாளில்: எங்கள் படிப்பகக் கரும்பலகை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில், கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்னப் படிப்பகம். அதன் வாசல் சுவரில் ஆறடி நீளத்துக்கு ஒரு கரும்பலகை. தினமும் காலை ஆறரை மணிக்கு, முதல் பஸ் வருவதற்குள், 'இதே நாளில்' என்று தலைப்புப் போட்டு, அந்தத் தேதியில் முன்பு நடந்தவற்றை எழுதிவைக்கிறேன். பஸ்ஸுக்கு நிற்பவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் எல்லோரும் படிக்கிறார்கள். படித்துவிட்டுக் கேட்கவும் செய்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒரு நாளைக்கு எத்தனை செய்தி எழுதுவீர்கள்?

ஐந்து. பலகையில் அவ்வளவுக்குத்தான் இடம். ஒன்று உலகத்தில் நடந்தது, ஒன்று நாட்டில், ஒன்று தமிழ்நாட்டில், ஒன்று எங்கள் மலையில், மிச்சம் ஒன்று அன்றைக்கு எது மனசுக்குப் படுகிறதோ அது. மலைக்கு ஒன்றும் கிடைக்காத நாள்கள்தான் அதிகம். இடத்தை நிரப்ப வேண்டுமே என்று எதையும் எழுதுவதில்லை. அந்த வரியைக் காலியாகவே விட்டுவிடுவேன்.

மழைக்காலத்தில் எழுதுவதே ஒரு வேலை. ஜூன், ஜூலையில் மேகம் இறங்கி வாசல்வரை வந்து நிற்கும். ஈரப் பலகையில் சாக்பீஸ் வழுக்கும். பழைய வேட்டித் துணியால் இரண்டு முறை துடைத்து, ஐந்து நிமிஷம் பொறுத்துத்தான் எழுத முடியும். எழுதும்போது எழுத்து மங்கலாக இருக்கும், காய்ந்த பிறகுதான் வெள்ளையாகத் தெரியும். சில நாள் பத்து மணிக்குள் கரைந்து 1908 என்பது 1903 மாதிரி ஆகிவிடும். அதனால் ஆண்டை மட்டும் இரண்டு தடவை அழுத்தி எழுதுவது என் பழக்கம்.

அக்டோபர் 15 அன்று மட்டும் பலகை நிரம்பி வழிகிறதே, ஏன்?

அது எங்கள் மலைக்குச் சொந்தமான தேதி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும் ரயில் 1899-லேயே வந்துவிட்டது. ஆனால் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏற இன்னும் ஒன்பது ஆண்டு ஆயிற்று. 1908 செப்டம்பரில் ஃபெர்ன்ஹில் வரை வந்தது, அக்டோபர் 15 அன்று ஊட்டிக்கு வந்து சேர்ந்தது. 46 கிலோமீட்டர், 208 வளைவு, 250 பாலம், 16 குகை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை, பன்னிரண்டரை அடி போனால் ஓர் அடி ஏறும் செங்குத்து. அங்கே சக்கரம் மட்டும் போதாது. தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் கிடக்கும், எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். குன்னூரைத் தாண்டினால் பல்சட்டம் கிடையாது. 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

அதே அக்டோபர் 15-இல், 1931-ஆம் ஆண்டு ராமேஸ்வரத்தில் அப்துல் கலாம் பிறந்தார். 1908-இலும் சரி, 1931-இலும் சரி, அந்த நாள் வியாழக்கிழமை. இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். 2003-இல் அதே தேதியில்தான் சீனா முதன்முதலாக ஒரு மனிதரை, யாங் லிவெய் என்பவரை, விண்வெளிக்கு அனுப்பியது. கலாம் பிறந்தநாளுக்கு அது பொருத்தமான செய்தி என்று எனக்குத் தோன்றும்.

இந்த இடத்தில் ஒரு திருத்தம். கலாம் பிறந்தநாளை ஐ.நா. சபை 'உலக மாணவர் தினம்' என்று அறிவித்ததாக வாட்ஸ்அப்பில் வருடா வருடம் வருகிறது. ஐ.நா. அப்படி அறிவிக்கவில்லை. தமிழ்நாடு அரசு அதை இளைஞர் எழுச்சி நாளாக அறிவித்தது உண்மை. ஐ.நா. பட்டியலில் அக்டோபர் 15 என்பது கிராமப்புறப் பெண்கள் நாள். அது முதன்முதலில் கடைப்பிடிக்கப்பட்டது 2008-இல், அதாவது ரயில் ஊட்டிக்கு வந்து சரியாக நூறாவது வருஷம். முதுகில் கூடையோடு பஸ் ஏறுகிற பெண்கள் தினமும் பார்க்கிற பலகையில் அந்த வரியை முதலில் எழுதாமல் வேறெதை எழுதுவது?

இன்னொன்றும் இருக்கிறது. நாம் இன்றைக்குச் சுவரில் மாட்டியிருக்கும் இந்த ஆங்கில நாள்காட்டி பிறந்ததே ஓர் அக்டோபர் 15-இல்தான்.

நாள்காட்டிக்கே பிறந்தநாளா? அது என்ன கதை?

ஜூலியஸ் சீசர் காலத்து நாள்காட்டி ஓர் ஆண்டுக்கு 365 நாள் 6 மணி என்று கணக்கு வைத்தது. உண்மையான ஆண்டு அதைவிட 11 நிமிஷம் சொச்சம் குறைவு. பதினோரு நிமிஷம்தானே என்று விட்டால் 128 ஆண்டுக்கு ஒரு நாள் பிசகும். 16-ஆம் நூற்றாண்டுக்குள் பத்து நாள் சேர்ந்துவிட்டது. ஈஸ்டர் பண்டிகையின் கணக்கு தவறுகிறதே என்று போப் கிரிகோரி அந்தப் பத்து நாளை எடுத்துவிடச் சொன்னார். 1582 அக்டோபர் 4 வியாழக்கிழமை இரவு படுத்தவர்கள் காலையில் எழுந்தபோது அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை. இடையில் 5 முதல் 14 வரை அந்த ஊர்களில் யாரும் பிறக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. அவிலாவின் புனித தெரேசா இறந்தது சரியாக அந்த இரவில்தான். ஆகவே அவருடைய திருநாள் அக்டோபர் 15-இல் வருகிறது.

எல்லா நாடும் ஒரே சமயத்தில் மாறவில்லை என்பதுதான் சிக்கல். இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் உடனே மாறின. பிரான்ஸ் அதே ஆண்டு டிசம்பரில். இங்கிலாந்து 1752-இல், செப்டம்பர் 2-க்கு அடுத்த நாளை செப்டம்பர் 14 ஆக்கியது. ரஷ்யா 1918-இல். அதனால்தான் ரஷ்யாவின் 'அக்டோபர்' புரட்சியை நவம்பர் 7-இல் கொண்டாடுகிறார்கள்.

நமக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு தமிழ்நாட்டு உதாரணம். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். கோட்டையை இழந்த ஆங்கிலேயர் கணக்கில் அது செப்டம்பர் 10. பிடித்தவர்கள் கணக்கில் செப்டம்பர் 21. அதே கோட்டை, அதே புதன்கிழமை, இரண்டு தேதி. புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நடுவே பதினோரு நாள் இடைவெளி இருந்த காலம் அது. அன்றைய புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் நாள்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை எல்லாம் போட்டு எழுதியவர். நாள்காட்டி மாறும்போது தேதி தாவினாலும் கிழமை தாவவில்லை. ஆகவே பழைய குறிப்பில் கிழமை இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் எழுத்தாளர் செர்வாண்டிசும் ஒரே நாளில் இறந்தார்களாமே?

இரண்டு பேருக்கும் 1616 ஏப்ரல் 23 என்றுதான் எழுதுகிறார்கள். உலகப் புத்தக நாளும் அந்தத் தேதியில்தான். ஆனால் ஸ்பெயின் புது நாள்காட்டியில் இருந்தது, இங்கிலாந்து பழையதில். ஷேக்ஸ்பியரின் ஏப்ரல் 23 ஸ்பெயினில் மே 3. போதாததற்கு, செர்வாண்டிஸ் இறந்தது 22-ஆம் தேதி, அடக்கம் செய்தது 23. படிப்பகத்துக்கு முக்கியமான நாள், அதனால் எழுதுகிறோம். 'ஒரே நாளில்' என்று எழுதுவதில்லை, 'ஒரே தேதியில்' என்று எழுதுகிறோம்.

செப்டம்பர் 11 என்றால் அமெரிக்கக் கோபுரங்கள்தானே? ஏன் அதை ஐந்தாவதாக எழுதுகிறீர்கள்?

இந்தக் கேள்வியைக் கோபமாகவே கேட்டவர்கள் உண்டு. 2001-இல் நடந்த அந்தக் கொடுமையை யாரும் மறக்கவில்லை. மூவாயிரம் பேரளவில் செத்த நாள். எழுதாமல் விடுவதே இல்லை. ஆனால் அந்தத் தேதி அதற்கு முன்பும் இருந்தது.

1893 செப்டம்பர் 11: சிகாகோ சர்வ சமய மாநாட்டில் விவேகானந்தர் முதல் உரை. 1906: தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகர அரங்கு ஒன்றில் இந்தியர்கள் கூடி, தங்களை அவமதிக்கும் பதிவுச் சட்டத்துக்குப் பணிய மாட்டோம் என்று காந்தியின் முன்னிலையில் உறுதி எடுத்தார்கள். பின்னால் சத்தியாகிரகம் என்று பெயர் பெற்றது அங்கேதான் தொடங்கியது. அந்தப் போராட்டத்தில் தமிழர்கள் எத்தனை பேர் சிறை போனார்கள் என்பதை நினைத்தால், இது நம் வீட்டுச் செய்தி. 1895-இல் வினோபா பாவே பிறந்தது, 1948-இல் ஜின்னா இறந்தது, 1957-இல் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டது, 1973-இல் சிலி நாட்டில் அதிபர் அயெந்தேயின் ஆட்சியை ராணுவம் கவிழ்த்தது, எல்லாம் இதே தேதி. அகிம்சை உறுதி எடுத்த தேதியிலேயே இத்தனை ரத்தம். அன்றைக்குப் பலகை முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிடுவேன்.

நான் முதல் வரியில் எழுதுவது பாரதியை. 1921, திருவல்லிக்கேணி.

பாரதி இறந்தது 11-ஆ, 12-ஆ?

செப்டம்பர் 11 ஞாயிற்றுக்கிழமை இரவு, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி சுமாருக்கு உயிர் பிரிந்தது. ஆங்கிலக் கணக்கில் நள்ளிரவு பன்னிரண்டுக்குத் தேதி மாறிவிடும், ஆகவே 12. மாநகராட்சிப் பதிவிலும் அப்படித்தான். ஆனால் காலங்காலமாக 11 என்றே நினைவுகூர்ந்து வந்தோம். தமிழ்நாடு அரசு 2021-இல் நூற்றாண்டு நினைவின்போது செப்டம்பர் 11-ஐ மகாகவி நாள் என்று அறிவித்தது.

இதில் ஒரு தரப்பைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. நம் வழக்கத்தில் ஒரு நாள் சூரிய உதயத்தில் தொடங்கி அடுத்த உதயம் வரை போகும். விடியாத வரைக்கும் அது முந்தின நாள்தான். ராத்திரி இரண்டு மணிக்குப் பிறந்த குழந்தைக்குப் பாட்டி ஒரு கிழமை சொல்வார், பிறப்புச் சான்றிதழ் அடுத்த கிழமை சொல்லும். இரண்டும் சரி. பாரதியின் சாவும் அப்படி இரண்டு கணக்குக்கு நடுவே நிகழ்ந்தது. பலகையில் 'செப்டம்பர் 11 நள்ளிரவுக்குப் பின்' என்று எழுதுகிறேன்.

தனுஷ்கோடியும் இதே ரகம். 1964 டிசம்பர் 22 இரவு புயலில் பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோனது. ராத்திரி நடந்ததால் சிலர் 22 என்பார்கள், சிலர் 23 என்பார்கள். டிசம்பர் 22 கணிதமேதை ராமானுஜன் பிறந்தநாளும்கூட (1887).

தமிழ்த் தேதிப்படி எழுதினால் என்ன?

ஆசைதான். பலகையின் மூலையில் அன்றைய தமிழ் மாதம், தேதி, நட்சத்திரம் போட்டுவிடுகிறோம். நம் முன்னோர் நினைவு வைத்தது அப்படித்தான்: பிறப்புக்கு நட்சத்திரம், இறப்புக்குத் திதி. தஞ்சையில் ராஜராஜனுக்கு ஐப்பசி சதயத்தில் விழா எடுக்கிறார்கள். ஆங்கிலத் தேதி வருடா வருடம் மாறும், சதயம் மாறாது.

ஆனால் இரண்டையும் கலந்தால் குழப்பம் வரும். ஓர் உதாரணம் சொல்கிறேன். விவேகானந்தர் 1863 ஜனவரி 12 அன்று பிறந்தார். அன்றைக்கு மகர சங்கராந்தி, நமக்குத் தைப் பொங்கல். இப்போது பொங்கல் 14-இல் வருகிறது, சில ஆண்டு 15-இல். பொங்கல் நகர்ந்ததா, விவேகானந்தர் நகர்ந்தாரா? நம் பஞ்சாங்கம் சூரியன் நட்சத்திரங்களுக்கு எதிரே ஒரு சுற்று முடிப்பதைக் கணக்கிடுகிறது. ஆங்கில நாள்காட்டி பருவங்கள் திரும்பி வருவதைக் கணக்கிடுகிறது. இரண்டுக்கும் ஆண்டுக்கு 20 நிமிஷம் வித்தியாசம். 72 ஆண்டு சுமாருக்கு ஒரு நாள். ஆகவே பொங்கல் ஆங்கிலத் தேதியில் மெல்ல மெல்ல முன்னே போய்க்கொண்டிருக்கிறது.

மலையில் இன்னும் வேறு கணக்குகளும் இருக்கின்றன. படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை டிசம்பர், ஜனவரி வாக்கில் வரும். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள், ஆனால் தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும். குறிஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கிறது: 1994, 2006, 2018. பழனி மலையிலும் நீலகிரியிலும் வயசைக் குறிஞ்சியால் எண்ணிய காலம் உண்டு. 'மூணு குறிஞ்சி பார்த்தவ' என்றால் அதற்கு மேல் பிறந்த தேதி எதற்கு?

பிப்ரவரி 29 அன்று எழுத ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் அழகானது. மொரார்ஜி தேசாய் 1896 பிப்ரவரி 29-இல் பிறந்தார். நான்கு ஆண்டில் அடுத்த பிறந்தநாள் வந்திருக்க வேண்டும். ஆனால் 1900 லீப் ஆண்டு இல்லை. நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டால்தான் லீப். ஆகவே அவருடைய முதல் உண்மையான பிறந்தநாள் 1904-இல்தான் வந்தது. சரியாக அந்த நாளில், 1904 பிப்ரவரி 29 அன்று, மதுரையில் ருக்மிணி தேவி பிறந்தார், சென்னையில் கலாக்ஷேத்ராவை நிறுவியவர்.

இப்படி ஒரே தேதியில் விழுவது விதியா, தற்செயலா?

தற்செயல்தான். ஆனால் தற்செயல் நாம் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாற்பது பேர் ஒரு நாள் படிப்பகத்துக்கு வந்தார்கள். 'உங்களில் இரண்டு பேருக்காவது ஒரே பிறந்தநாள் இருக்கும், பார்க்கலாமா?' என்றேன். 365 நாள் இருக்கிறதே, எப்படி என்று சிரித்தார்கள். ஒவ்வொருவராகத் தேதியைச் சொல்லச் சொன்னேன். பதினெட்டாவது பெண் மார்ச் 7 என்றதும் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் 'நானும்!' என்று குதித்தான். இரண்டு பேரும் ஐந்து வருஷமாக ஒரே வகுப்பு, அதுவரை தெரியாது.

கணக்கு இதுதான். 23 பேர் இருந்தாலே அவர்களில் இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் இருக்க வாய்ப்பு பாதிக்கு மேல். 40 பேர் என்றால் நூற்றுக்கு 89. ஏனென்றால் நாம் எண்ண வேண்டியது ஆட்களை அல்ல, ஜோடிகளை. நாற்பது பேரில் 780 ஜோடி இருக்கிறது. வரலாற்றில் பெயர் பெற்றவர்கள் பல ஆயிரம் பேர். ஜோடி சேராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனாலும் சில பொருத்தங்கள் நெஞ்சைத் தொடும். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவில், 1826 ஜூலை 4 அன்று, அதில் கையெழுத்திட்ட முன்னாள் அதிபர்கள் ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெஃபர்சனும் ஒரே நாளில் இறந்தார்கள். அதே ஜூலை 4-இல் விவேகானந்தர் மறைந்தார், 1902. கலிலியோ 1642 ஜனவரி 8-இல் இறந்தார், சரியாக முந்நூறாவது ஆண்டு அதே தேதியில் ஸ்டீபன் ஹாக்கிங் பிறந்தார். ஹாக்கிங் இறந்த மார்ச் 14 ஐன்ஸ்டைன் பிறந்தநாள். அன்று உலகத்தில் இரண்டு லட்சம் குழந்தைகள் பிறந்திருக்கும் என்று ஹாக்கிங்கே தன் பிறந்தநாளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

நம் ஊரில் டிசம்பர் 24: பெரியார் 1973-இல், எம்.ஜி.ஆர். 1987-இல். அக்டோபர் 2: காந்தியும் லால் பகதூர் சாஸ்திரியும் பிறந்தது, 1975-இல் காமராஜர் மறைந்தது. காந்தி ஜெயந்தி அன்று காமராஜர் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது ஊரே எப்படி அடங்கிப்போனது என்று வயதானவர்கள் இப்போதும் சொல்வார்கள்.

வெளிநாட்டில் நடந்ததற்கு எந்த ஊர்த் தேதி?

நடந்த இடத்துத் தேதிதான். ஆனால் சில சமயம் நம் தேதியையும் பக்கத்தில் போடுவோம். நிலவில் மனிதன் இறங்கியது 1969 ஜூலை 20 என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அது அமெரிக்கத் தேதி. கலம் இறங்கியபோது இந்தியாவில் 21-ஆம் தேதி விடிகாலை 1.47. ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தபோது காலை 8.26. இங்கே ஜனங்கள் டீ குடித்துக்கொண்டு ரேடியோ கேட்ட நேரம். ஆகவே எங்கள் பலகையில் அது ஜூலை 21-இல் வரும், சிவாஜி கணேசன் மறைந்த தேதியில் (2001).

இன்னொரு விசித்திரம். ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது 1941 டிசம்பர் 7. மலாயாவில் கோத்தா பாருவில் படை இறக்கியது டிசம்பர் 8. தேதியைப் பார்த்தால் மலாயா பிந்தியது, ஆனால் இரண்டுக்கும் நடுவே தேதி மாறும் கோடு இருக்கிறது. உண்மையில் மலாயாதான் ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தியது. ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர்களைப் பிடித்துக்கொண்டு போன துயரமெல்லாம் அந்த ராத்திரியில் ஆரம்பித்தது. அதனால் டிசம்பர் 8-இல் கோத்தா பாருவை எழுதுகிறேன்.

டிசம்பர் 8 அன்று மலை வரியில் எழுதுவது?

2021-இல், சூலூரிலிருந்து வெலிங்டன் ராணுவப் பயிற்சிக் கல்லூரிக்கு வந்த ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பாசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி உட்பட 13 பேர் அன்றே இறந்தார்கள், பதினான்காமவர் வருண் சிங் ஒரு வாரம் கழித்து. முதலில் ஓடிப்போனவர்கள் அந்த ஊர் ஜனங்கள். தண்ணீர்க் குடத்தோடும் கம்பளியோடும் ஓடினார்கள். அன்றைக்கு இதையும் கோத்தா பாருவையும் தவிர வேறு வரி எழுதுவதில்லை.

நீலகிரிக்கென்று வேறு என்ன தேதிகள் இருக்கின்றன?

ஜூன் 15 உண்டு. 1819-இல் கோத்தகிரிப் பக்கம் ஏறி வந்து, பிறகு ஊட்டியைக் கட்டிய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் பிறந்தநாள் (1788). அவர் தங்கிய கன்னேரிமுக்கு வீடு நினைவிடமாக இருக்கிறது. அவர் வருவதற்கு முன்பே தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் எல்லோரும் இங்கே இருந்தார்கள் என்பதையும் அதே வரியில் எழுதுவேன். 'கண்டுபிடித்தார்' என்ற சொல்லைப் பலகையில் போடுவதில்லை. பிப்ரவரி 1 உண்டு, 1882-இல் நீலகிரிக்கு முதல் கலெக்டர் வந்த நாள்.

ஆகஸ்ட் 8-ஐ ஊரே அறியும். 2019-இல் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை. இதிலும் தேதிக் கணக்கு இருக்கிறது. மழையளவைக் காலை எட்டரை மணிக்கு எடுப்பார்கள். முந்தின நாள் எட்டரை முதல் அன்று எட்டரை வரை பெய்ததை அன்றைய தேதியில் போடுவார்கள். அதாவது 'ஆகஸ்ட் 8 மழை' பெரும்பாலும் 7-ஆம் தேதி பெய்தது.

பழனி மலையையும் விடுவதில்லை. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறு ஆண்டுக்கும் மேலாக, மேகம் விட்ட நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். 1909 ஜனவரியில் வானியலாளர் எவர்ஷெட் அங்கேதான் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். 'இதே நாளில்' என்று ஏதாவது எழுத உண்மையான உரிமை உள்ளவர்கள் அவர்கள்தான் என்று நினைப்பேன். சூரியன் இதே நாளில் எப்படி இருந்தது என்பதற்குக் கண்ணாடித் தகடே சாட்சி.

பலகையில் தப்பு வந்ததுண்டா?

தப்பு பல தடவை. உடனே அழித்துத் திருத்திவிடலாம், அதுதான் சாக்பீஸின் வசதி. விட்டுப்போனதுதான் உறுத்தும்.

முதல் வருஷம் அக்டோபர் 30 அன்று இரண்டு வரி பெரிதாக எழுதினேன்: பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பிறந்ததும் (1908) மறைந்ததும் (1963) இதே தேதி, அணு விஞ்ஞானி ஹோமி பாபா பிறந்தநாள் (1909). மலை வரி காலி. தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார். 'தம்பி, எங்களைப் பங்கு போட்டதும் இதே தேதிதான். அதை யாரும் எழுத மாட்டீங்களா?' என்றார்.

மறுநாள் ஒரு பாலித்தீன் பையோடு வந்தார். உள்ளே மடிப்பில் கிழிந்த பாஸ்போர்ட், மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை. போட்டோவில் அப்பா, அம்மா, நான்கு பிள்ளைகள், கடைசியில் அரைக்கால் சட்டையோடு அவர். அட்டையை மேஜையில் வைத்தபோதும் ஒரு விரல் அதன் ஓரத்தில்தான் இருந்தது.

1964 அக்டோபர் 30, வெள்ளிக்கிழமை. டெல்லியில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்துப் போட்டார்கள். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக ஆக்கப்பட்ட இலங்கை மலையகத் தமிழர் ஒன்பதே முக்கால் லட்சம் பேர். அவர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். அந்த மிச்சத்தையும் 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். நூறு ஆண்டுக்கு மேல் அங்கே காப்பியும் தேயிலையும் வளர்த்த ஜனங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாயகம் திரும்பியோர் என்ற பெயரில் இங்கே வந்தவர்களுக்காக 1968-இல் அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. இன்றைக்கு டேன்டீ என்று சொல்கிறோமே, அதுதான். கோத்தகிரி, குன்னூர், கூடலூர் எங்கும் அவர்கள் குடும்பங்கள் இருக்கின்றன. நான் தினமும் எழுதும் பலகைக்கு எதிரே பஸ்ஸுக்கு நிற்பவர்களில் பாதிப் பேர் அவர்கள். எந்த 'வரலாற்றில் இன்று' பட்டியலிலும் இந்த வரி என் கண்ணில் பட்டதில்லை. வெளியிலிருந்து வரும் பட்டியலை அப்படியே பார்த்து எழுதுவதை அன்றோடு நிறுத்தினேன்.

அடுத்த வருஷம் அக்டோபர் 30 அன்று மலை வரியை அவரையே எழுதச் சொன்னேன். கை நடுங்கியது. '5,25,000' என்ற எண்ணை மட்டும் எழுதி, கீழே கோடு போட்டார்.

தேதியை எப்படிச் சரிபார்க்கிறீர்கள்?

மூன்று சோதனை. முதலில் கிழமை: 'ஞாயிற்றுக்கிழமை காலை கோவிலுக்குப் போகும்போது' என்று சொன்னால், அந்தத் தேதி ஞாயிறுதானா என்று பார்ப்பேன். இரண்டாவது, பத்திரிகைத் தேதியும் நடந்த தேதியும் ஒன்றல்ல. காலைப் பத்திரிகையில் வருவது நேற்று நடந்தது. மூன்றாவது, எந்த நாளை எடுத்துக்கொள்வது? தமிழ்நாட்டையே பாருங்கள். 1956 நவம்பர் 1 மாநில எல்லை பிரிந்த நாள், 1967 ஜூலை 18 பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறிய நாள், 1969 ஜனவரி 14 அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்த நாள். அரசு இப்போது ஜூலை 18-ஐத் தமிழ்நாடு நாளாகக் கொண்டாடுகிறது. நாங்கள் மூன்று நாளிலும் எழுதுகிறோம், என்ன நடந்தது என்பதைத் தெளிவாகச் சொல்லி.

எங்கள் ஊர்ச் செய்தியைத் தரலாமா?

தாராளமாக. படிப்பக ஜன்னலில் ஒரு பிஸ்கட் டின் வைத்திருக்கிறோம், சீட்டு எழுதிப் போடுங்கள். என்ன நடந்தது, எங்கே, எந்த ஆண்டு, உங்களுக்கு எப்படித் தெரியும் என்ற நான்கும் இருந்தால் போதும். தேதி ஞாபகம் இல்லையென்றால் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்: எந்தப் பண்டிகைக்கு எத்தனை நாள் முன்னால், மழையா வெயிலா, தேர்தலுக்கு முந்தியா பிந்தியா. பஞ்சாங்கத்தையும் பழைய காலண்டரையும் வைத்து நாங்கள் தேடிக்கொள்கிறோம். ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) ஒரு பாட்டி, ஊருக்குக் கரண்ட் வந்த நாளைச் சொல்லியனுப்பினார். தேதி தெரியாது, ஆனால் முதல் விளக்கு எரிந்த ராத்திரி முழு நிலா, யாரும் வெளிச்சத்தைப் பெரிதாகக் கவனிக்கவில்லை என்றார். வருஷத்தையும் மாதத்தையும் அவர் மகன் சொன்னார். அந்த மாதத்தில் பௌர்ணமி ஒன்றுதான். இப்போது அது பலகையில் வருகிறது.

காலை ஆறு மணிக்குள் போட்ட சீட்டு அன்றைய தேதிக்கானதென்றால் அன்றே எழுதிவிடுவேன். அடைமழை நாளில் மட்டும் வாசல் பலகையில் எழுதியிருக்காது, உள்ளே அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில் சின்னப் பலகை மாட்டியிருக்கும். கதவைத் தள்ளிக்கொண்டு வாருங்கள்.